இருநாட்டுக் கூட்டாய்வு நிதி: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி), ஜெர்மனியின் டாட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் போன்ற வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து விடும் விண்ணப்ப அழைப்புகளில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் ஆள் போய்வரத்தான். கருவி வாங்க, ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) வைக்க என்று பட்ஜெட் போட்டால், விதிமுறையையே படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். எனவே எழுத உட்காரும் முன், எந்தெந்தச் செலவுக்குப் பணம் உண்டு, யாருடைய டிக்கெட்டை எந்த நாடு கொடுக்கிறது, தங்கும் செலவு யாருடையது என்று அழைப்பிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். போன ஆண்டு சீனியர் அனுப்பிய கோப்பை நம்ப வேண்டாம்.

இங்கிருந்து டிஎஸ்டிக்கு ஒன்று, கூட்டாளி தன் நாட்டு அமைப்புக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பங்கள் போக வேண்டும். ஒரு பக்கம் வராவிட்டால் மற்றதை மதிப்பீட்டுக்கே எடுக்கமாட்டார்கள். தலைப்பு, காலம், ஆய்வாளர் பெயர்கள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கடைசித் தேதியும் இரு நாட்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கூட்டாளி சமர்ப்பித்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத் தலைவரின் எண்டார்ஸ்மென்ட் (ஒப்புதல்) கடிதத்தில் முத்திரை விழ, பல கல்லூரிகளில் ஒரு வாரம் ஓடிவிடும்.

மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது பயண அட்டவணையை. 'ஸ்காலர், 2 மாதம், கூட்டுப் பணி' என்றால் ஒன்றும் புரியாது. 'முதலாண்டு, ஸ்காலர், 45 நாள்: இங்கே தயாரித்த 12 மாதிரிகளுக்கு அங்குள்ள கருவியில் அளவீடு, இரண்டாமாண்டு, முதன்மை ஆய்வாளர், 10 நாள்: தரவை ஒப்பிட்டுக் கட்டுரை வரைவு' என்று எழுதுங்கள். மாதிரியைக் கூரியரில் அனுப்பினால் போதாதா என்ற கேள்வி கட்டாயம் எழும். அதற்குப் பதில் இல்லாத பயணத்தை நீங்களே வெட்டிவிடுவது நல்லது.

நிதி கிடைத்த பிறகும் வேலையை முடக்குவது அனுமதிகள். மனித ரத்தம், திசு, நோயாளித் தரவு என்றால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் (எச்எம்எஸ்சி) ஒப்புதல் வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் கடிதம் மட்டும் போதாது. செடி, பாக்டீரியா போன்றவற்றை வெளியே அனுப்ப 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும். அதன் 5ஆம் பிரிவு கூட்டாய்வுக்கு விலக்கு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு, அதன் ஒப்புதலும் பெற்ற திட்டத்துக்கே அது பொருந்தும். ஐயமிருந்தால் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாதிரி போகாமல் ஆள் மட்டும் போனால் அந்த 45 நாளும் வீண்.

கூட்டாளி நாட்டு அமைப்பு உங்கள் கல்லூரிக்கே நேரடியாகப் பணம் அனுப்பும் என்றால் அது வேறு கதை. அங்கே எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வருகிறது. பதிவு பெற்ற நிறுவனங்களும் 2020 திருத்தத்துக்குப் பின் புது டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பணம் பெற முடியும். பதிவோ முன் அனுமதியோ இல்லாத கல்லூரி, பணம் வந்த பிறகு ஓடி ஆடிப் பயனில்லை.

கணக்கில் தடுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயம். மார்ச் 31 கடந்ததும் அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் யூசி (பணப் பயன்பாட்டுச் சான்றிதழ்), கூடவே செலவு அறிக்கை தர வேண்டும். வட்டி வந்திருந்தால் அதைச் செலவழிக்கக் கூடாது, அரசுக்குத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியதற்கான பாரத்கோஷ் (மத்திய அரசுக்குப் பணம் கட்டும் இணையதளம்) ரசீதை யூசியோடு இணையுங்கள். போர்டிங் பாஸை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடலாம், தணிக்கை அதற்குப் பிறகுதான் வரும்.