ஏழு கேசட்டில் ஒன்பது வருடம்

ஜூன் 24, 2024, திங்கள்

காலை ஏழு மணிக்கே அண்ணன் போன். வேலூர் கொசப்பேட்டை மாடி ரூமை ஆடி பிறப்பதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டுமாம், புதிதாக வருகிறவர்கள் ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்களாம். "பீரோல கீற கேசட்டெல்லாம் இன்னாபா பண்றது? எடைக்குப் போட்டாகூட எவனும் எடுக்கமாட்டான்" என்றார். நான் வந்து பார்க்கிறேன்ணா, அதுவரை தொடாதீங்க என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் லோக்கல் சேனலின் முதலாளி, அந்த ரூம்தான் சேனல். 1994 முதல் அங்கே நான் செய்தி வாசித்தேன், எழுதினேன், டிவிஎஸ் 50 ஓட்டினேன், விளம்பரக் காசு வசூலித்தேன், ஆள் வராத நாளில் பெருக்கவும் செய்தேன்.

ஜூன் 26, புதன்

பீரோவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை. பூஞ்சை. விஎச்எஸ் வீடியோ கேசட் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூசியது போலப் படிந்திருக்கும், அப்படியே டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் விசிஆரில், போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கேசட்டைப் பிரித்து, ஆல்கஹால் தொட்ட துணியால் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். ஒரு கேசட்டுக்கு அரை நாள் போகும்.

டெக் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த பாடு. உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி தன் அப்பாவுடைய டெக்கை வைத்திருக்கிறான், ஞாயிறு தருகிறேன் என்றான். "ரிமோட் இல்லணா, எஜெக்ட் பட்டன ரெண்டு தடவ அழுத்தணும்."

ஜூன் 29, சனி

துடைத்துக்கொண்டே இருக்கும்போது பழைய கதை எல்லாம் வருகிறது. எழுதி வைக்கிறேன்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அது மொட்டைமாடியில் நிமிர்த்திய உயரமான கம்பியும் பூஸ்டருமாக வந்து சேர்ந்தது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் காற்றடித்தால் ஒருவன் மாடியில் நின்று கம்பியைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவன் "வந்துச்சு, போச்சு" என்று கத்துவான். அப்புறம் யாரோ ஒருவர் தன் வீட்டு விசிஆரிலிருந்து நாலு வீட்டுக்கு ஒயர் இழுத்து ராத்திரியில் படம் போட்டார். எங்கள் பக்கத்தில் கேபிளின் ஆரம்பம் அதுதான், டிஷ் எல்லாம் பிறகு. 1991 வளைகுடாப் போரை டிவியில் நேரடியாகப் பார்க்கலாமாம் என்ற பேச்சு வந்தபோதே அண்ணனுக்கு டிஷ் ஆசை வந்துவிட்டது. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு கனெக்‌ஷன் கேட்டு அவரைத் தேடி வந்தார்கள்.

லோக்கல் சேனல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விசிஆரின் வெளியீட்டை ஒரு மாடுலேட்டருக்குக் கொடுத்து, காலியாக இருக்கும் ஒரு சேனல் எண்ணில் ஏற்றி, மற்ற சேனல்களோடு கலந்து தெரு ஒயரில் விட்டால் முடிந்தது. பிளே பட்டனை அழுத்தினால் ஒளிபரப்பு. 1994ல் அவசரச் சட்டமும் அடுத்த வருடம் கேபிள் சட்டமும் வந்த பிறகுதான் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு, தூர்தர்ஷன் சேனல்கள் கட்டாயம், என்ன காட்டலாம் என்ன காட்டக்கூடாது என்ற விதி எல்லாம். அதுவரை அண்ணன் வைத்ததுதான் சட்டம், அந்தச் சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு எம்ஜிஆர் படம்.

செய்தி எப்படி வந்தது என்றால், விளம்பரத்துக்காக வந்தது. வெறும் படத்துக்கு நடுவில் விளம்பரம் போட்டால் கடைக்காரர்கள் யோசித்தார்கள், செய்திக்கு நடுவில் என்றால் உடனே ஒத்துக்கொண்டார்கள். லாங் பஜாரில் அலைந்தே முதல் மாத விளம்பரத்தைப் பிடித்தோம். ராத்திரி எட்டரைக்கு இருபது நிமிடம், மறுநாள் காலை ஏழரைக்கு அதே கேசட் மறு ஒளிபரப்பு. ஒரே கேமரா, தோளில் வைக்கிற பெரிய விஎச்எஸ். எடிட்டிங் இரண்டு விசிஆர் வைத்து: ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு, பாஸ் பட்டனை எடுக்கும் நேரம் தப்பினால் அந்தச் செய்தி முழுக்க மறுபடி. மேலே என் குரல். சிவப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிடுவார்கள். வேலூர், மே மாதம், மாடி ரூம், மேலே இரண்டு லைட். சட்டை கழுத்து வரைக்கும்தான் ஃப்ரேமில் தெரியும் என்பதால் கீழே லுங்கி.

ஜூலை 1, திங்கள்

திங்கள் என்றால் இன்னும் கால் சத்துவாச்சாரி பக்கம் இழுக்கிறது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள். மனுவோடு வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துவிட்டால் வாரத்துக்கான செய்தி பாதி கிடைத்துவிடும். மீதியைப் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) ஆபீஸிலிருந்து வரும் தாள் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஜனங்கள் எங்கள் செய்தியை அதற்காகப் பார்க்கவில்லை, இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. கடைசி மூன்று நிமிடம் வரும் அறிவிப்புக்காகப் பார்த்தார்கள். யார் இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தப் பள்ளிச் சான்றிதழ் பஸ்ஸில் தொலைந்தது, எந்த வார்டுக்கு நாளைக்குத் தண்ணீர். மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வேலூருக்கு வராத காலம் அது, எங்கள் தெருவில் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. ஒருநாள் அவசரக் கையெழுத்தில் 13 என்று எழுதியிருந்ததை 18 என்று வாசித்துவிட்டேன். மறுநாள் காலை 18வது வார்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடத்தோடு படியேறி வந்தார்கள். ஒரு அக்கா குடத்தை மாடுலேட்டர் பக்கத்தில் வைத்து, "நீ சொன்னல்ல, இப்ப ரொப்பு" என்றார். பெரிய சேனலில் வாசிக்கிறவனுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காது. அதற்குப் பிறகு எண்ணை எழுத்தாலும் எழுதச் சொன்னேன், பதிமூன்று என்று.

ஜூலை 4, வியாழன்

டெக் வந்தாயிற்று. இன்றைக்குத்தான் கணக்குத் தெரிந்தது. மொத்தம் 140 கேசட். அதில் ஜவுளிக்கடை, நகைக்கடை, சமையல் பாத்திரம் என்று விளம்பரம் மட்டும் அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் "அழிக்கக் கூடாது". ஆடித் தள்ளுபடி வருடா வருடம் வரும் அல்லவா, அதனால். மிச்சம் திருவிழா, பொதுக்கூட்டம், யார் என்றே தெரியாத கல்யாணங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மட்டும் நாலு கேசட்.

செய்தி? ஏழு.

திங்கள், செவ்வாய், புதன் என்று நாள் பெயர் எழுதிய ஏழு கேசட். இந்தத் திங்கள் செய்தியை அடுத்த திங்கள் அதே கேசட்டில் மேலேயே பதிவோம். நானே பதிந்தேன், ஒன்பது வருடம், ஒரு தரம்கூடத் தப்பு என்று தோன்றியதில்லை. ஒரு காலி கேசட் விலையும் கேமராமேனுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்த காலம். பொங்கலுக்குப் பொங்கல் ஏழு புதுக் கேசட் வாங்குவோம், தேய்ந்த பழையதைக் கல்யாண வீடியோவுக்குத் தள்ளிவிடுவோம். 2003 ஜூலை நடுவில் மினி டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டுக்கு மாறினோம், ஆக இந்த ஏழில் இருப்பது விஎச்எஸ் காலத்தின் கடைசி வாரம் மட்டும். மினி டிவியையும் இப்படித்தான் திரும்பத் திரும்ப அழித்தோம், அப்புறம் ஹார்ட் டிஸ்க், அது ஒருநாள் சுற்றவில்லை.

ராத்திரி சாப்பிடவில்லை. வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 6, சனி

அண்ணன் பார்க்க வந்தார். டீ வாங்கிவந்து, படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். விஷயத்தைச் சொன்னேன், சிரித்தார். "அன்னிக்கி நீயே தானடா இன்னொரு கேசட்டு வேஸ்ட்டுன்னு சொன்ன?" சொல்லியிருப்பேன்.

பிற்பாடு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு கேபிள் 2008ல் முதல் முதலாக ஹெட் எண்ட், அதாவது சேனல்களை வாங்கி ஒயரில் அனுப்பும் நிலையம், வைத்த ஊர்களில் வேலூரும் ஒன்று, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று வந்ததும் எல்லா ஒயரும் அந்தப் பக்கம் போனது. 2012ன் மின்வெட்டு இன்னும் மோசம்: நம் வீட்டில் கரண்ட் இருந்தாலும் போதாது, வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும், நடுவில் ஒரு தெரு இருண்டால் அதற்கு அந்தப் பக்கம் முழுக்கப் படம் போய்விடும். ஒரே செய்தியை நாலு தடவை போட்டோம். செட் டாப் பாக்ஸ் வந்ததும் காலியான சேனல் எண் என்ற பேச்சே இல்லாமல் போனது. அண்ணன் ஒதுங்கிக்கொண்டார், நான் வேறு சேனலுக்குப் போனேன்.

அங்கே 2019ஐ மறக்க முடியாது. வேலூர் எம்.பி. தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தாகி, ஆகஸ்ட் 5ல் நடந்து, 9ந்தேதி எண்ணினார்கள், வித்தியாசம் 8,141. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னிலை எண்ணிக்கை மாற, திரையின் கீழே ஓடும் ஸ்க்ரோலை மாற்றியே எனக்கு விரல் வலித்தது. அதே நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் பிரிந்தன. மாவட்டச் செய்தி என்ற தலைப்புக்குக் கீழே எந்த ஊர் வரும் என்று ஆபீஸில் ஒரு வாரம் சண்டை.

2022 நவம்பர் விதி ஒன்றைச் சொன்னேன் அண்ணனிடம். கேபிளில் உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், சேனலுக்கு ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும், போட்டதை எல்லாம் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். "தொண்ணூறு நாளா?" என்றார். நாங்கள் ஏழு நாள்.

ஜூலை 10, புதன்

வியாழன் கேசட். ஓடவிட்டதும் இருபது வருடம் இளைய நான் மீசையோடு வணக்கம் சொல்கிறேன். 2003 ஜூலை 10. இன்றும் ஜூலை 10 என்பது தற்செயல்தான், துடைத்து முடித்தது இன்றைக்குத்தான். தலைப்புச் செய்தி கோட்டைக்கு எதிரே மக்கான் சிக்னல் பக்கத்துத் தூணில் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவு நாள். இன்று காலையிலும் அந்தத் தூணில் மாலை போட்டார்கள், வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது, அதே கோணம்.

இருபத்தொன்றாவது நிமிடம் நான் நன்றி சொல்லி முடிக்கிறேன். திரை முழுக்கப் புள்ளி. நிறுத்தப் போன கையை ஏனோ நிறுத்தினேன். புள்ளி கலைந்து, வேறொரு வெயில். ஒரு தெரு, டேங்கர் லாரி, பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, கேமரா மெதுவாக வலமிருந்து இடமாக நகர்கிறது.

எப்படி என்று பிடிபட ஒரு நிமிடம் ஆனது. அதற்கு முந்தைய ஏதோ ஒரு வியாழனில் செய்தி கொஞ்சம் நீளமாகப் போயிருக்கிறது. மேலே பதிந்த செய்தி சின்னது, அதனால் பழையதன் வால் மட்டும் அழியாமல் தப்பித்திருக்கிறது. கேசட் அந்தப் பொங்கலுக்கு வாங்கியது, அப்படியானால் 2003 கோடை. 43 விநாடி. கடைசியில் சுவரில் கேமராமேனின் நிழல் விழுகிறது, தோளில் கேமராவோடு. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவருக்கென்று எங்கள் சேனலில் இருப்பது இந்த நிழல்தான், எல்லாப் படத்தையும் எடுத்தவர் ஒரு படத்திலும் இல்லை.

மற்ற ஆறு கேசட்டின் வாலையும் பார்க்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

அந்த 43 விநாடியை எடுத்துத் தெரு குரூப்பில் போட்டேன். தோட்டப்பாளையமா சைதாப்பேட்டையா என்று ஒரு மணி நேரம் வாதம். ஒருவர் தன் அப்பாவின் சைக்கிளைக் கண்டுபிடித்தார். பச்சைக் குடம் எங்களுது என்று மூன்று பேர்.

சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டார், இப்போது காட்பாடியில் இருக்கிறாராம். "அண்ணா, கேமரா அந்த நீல கேட்லேர்ந்து ஆரம்பிக்குதுல்ல, அதுக்கு வலது பக்கம் எங்க வீடு. எங்கம்மா கண்டிப்பா வாசல்ல நின்னுருப்பாங்க, லாரி வந்தா மொத ஆளு அவங்கதான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் இருக்குமாணா? அம்மா போட்டோ எங்ககிட்ட ரேஷன் கார்டுல இருக்கிறதுதான்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரியும், ஆனாலும் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். நீல கேட்டுக்கு முன்னால் புள்ளி, புள்ளிக்கு முன்னால் நான் நன்றி சொல்கிறேன். அன்றைய தலைப்புச் செய்தியை அளந்து பார்த்தேன். நாலு நிமிடம் பத்து விநாடி. மாலை போட வந்தவர்கள் ஒருவரையும் விடவில்லை.

நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டும்.