தடைக்காலம் முடிந்த மறுநாள்

வருஷத்திலேயே எனக்கு அதிகம் போன் வரும் நாள் ஜூன் 15. தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் ராமேஸ்வரம், அந்தப் பக்கம் பாம்பன், பாலம் தாண்டினால் மண்டபம் வரைக்கும் வேலைக்குப் போய் வருவேன். ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஆரம்பித்தால் 61 நாள் கழித்து ஜூன் 14 நள்ளிரவோடுதான் முடியும். அந்த இரண்டு மாதமும் ஐஸ் பேக்டரி, இறால் கம்பெனி, ஏலக் கடை என்று பாதி இடங்களில் ஆபீஸ் ரூமைப் பூட்டிவிடுவார்கள். போட் கிளம்புகிற அன்று காலையில் கணக்கு போட கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஒன்று உயிரே இருக்காது, இல்லையென்றால் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராமல் பீப் பீப் என்று கத்தும்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுதானே தம்பி, யாரும் தொடக்கூட இல்லையே, சும்மாதானே வச்சிருந்தோம்?"

எல்லாரும் கேட்பது இதைத்தான். சும்மா வைத்ததுதான் காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கே நான்கைந்து தடைக்காலம் ஆயிற்று. ஓடுகிற கம்ப்யூட்டர் உள்ளே கொஞ்சம் சூடாக இருக்கும், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. அணைத்துப் பூட்டி வைத்தால், மாதக்கணக்கில் காற்றோடு வந்து போர்டு மேல் படிந்திருக்கிற உப்புத்தூள் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிந்துவிடும். வீட்டு உப்பு ஜாடியில் பார்க்கிறோமே, அதேதான். நம்ம கரையில் ராத்திரி அந்த அளவு ஈரம் சாதாரணம். அந்தக் கசிவு கரண்டைக் கடத்தும், செம்பை அரிக்கும், பகலில் காயும், ராத்திரி மறுபடி கசியும். அறுபது ராத்திரி இப்படி நடந்தால் மெமரி ஸ்லாட் பின் எல்லாம் மங்கிப் போகாமல் என்ன செய்யும்? அதனால் தடைக்காலத்திலும் தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் கம்ப்யூட்டர் ஜூன் 15 அன்று ஆன் ஆகிறது.

ஒரு ஐஸ் பேக்டரி கம்ப்யூட்டரைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் மூன்று மதர்போர்டு போயிற்று. முதல் தடவை கரண்ட் ஏற்ற இறக்கம் என்று நினைத்து யுபிஎஸ் மாற்றினேன். இரண்டாவது தடவை எர்த் சரியில்லையோ என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது எர்த் பைப் இறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், வழக்கமான உப்புப் பூப்பு போல இல்லை. ஸ்க்ரூ தலையெல்லாம் ஓரளவு நன்றாகவே இருந்தது, ஆனால் செம்பு தெரிகிற இடமெல்லாம் நீலப் பச்சை. எர்த் வயரின் முனையைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற கம்ப்ரசர் ஆபரேட்டர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஐஸ் உறைய வைக்க அம்மோனியா ஓடுற லைன்ல நாங்க செம்புக் குழாயே போட மாட்டோம். எல்லாம் இரும்புதான். செம்பைத் தின்னுரும்ல." ஆபீஸ் ரூம் ஜன்னல் கம்ப்ரசர் ரூமைப் பார்த்துத் திறந்திருந்தது. வால்வில் எப்போதாவது லேசாகக் கசிகிற அம்மோனியா ஆளுக்கு வாடையாக வந்து போய்விடும், போர்டுக்கு அப்படிப் போகவில்லை. மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அந்த ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைத்தோம். ஆறு வருஷம் ஆகிறது, அதே போர்டுதான்.

அன்று வந்து ஒரு நோட்டு போட்டேன். ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம். எப்போது வாங்கியது, என்ன போர்டு, என்ன மெமரி, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி எப்போது மாற்றினோம், சிமோஸ் பேட்டரி எப்போது, எந்தச் சுவரோரம் இருக்கிறது, எந்தப் பக்கம் ஜன்னல். அதற்கு முன்பு வந்தார்கள், சரி செய்தேன், காசு வாங்கினேன், மறந்தேன். ஒரே கோளாறுக்கு ஒருவர் இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறார் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கும். நோட்டு நிறைய ஆரம்பித்த பிறகு இன்னொன்று தெரிந்தது. வாடைக்காற்று மாதங்களில் வடகடல் பக்கத்து வீடு, கடைகளில் இருந்து அதிகம் வருகிறது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம். மாதத்தைச் சொன்னால் எந்தத் தெருவிலிருந்து ஆள் வருவார் என்று பாதி சொல்லிவிடலாம்.

சிமோஸ் பேட்டரி என்றேன், அந்தச் சின்ன வட்ட பேட்டரி, சிஆர்2032, மூன்று வோல்ட். அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துவிடும், ஏதோ பழைய வருஷத்துக்குப் போய் நிற்கும். பில்லில் தப்பான தேதி விழும், பாதி வெப்சைட் திறக்காது, நெட் போச்சு என்று நினைத்து மோடத்தை மாற்றியவர்கள் உண்டு. ஐம்பது ரூபாய்கூட ஆகாத சாமான்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி, அப்பா போட்டுக்குப் போகிறவர், லேப்டாப் வாங்கி ஒன்பது மாதம்தான், சார்ஜ் ஏறவில்லை. மதுரையில் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகவே பஸ்ஸில் நான்கு மணி நேரம். இரண்டாவது வாரம் பதில் வந்தது: திரவம் பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது, போர்டு மாற்ற லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் ஆகும். அந்தப் பிள்ளை என் கடையில் வந்து, சத்தியமா தண்ணி படலண்ணே என்று அழுதது. திறந்து பார்த்தேன். தண்ணீரோ டீயோ கொட்டினால் கீபோர்டு வழியாக மேலிருந்து இறங்கும், காய்ந்த ஓரத்தில் கோலம் போட்ட மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஃபேன் காற்றை இழுக்கிற வாயைச் சுற்றி வெள்ளை, அதை ஒட்டிச் செம்பில் பச்சை, யுஎஸ்பி போர்ட்டின் தகட்டில் துரு, உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே போகிறது. காற்று வந்த வழி அப்படியே தெரிகிறது. லென்ஸ் வைத்துப் போட்டோ எடுத்து, விவரம் எழுதிக் கொடுத்து மறுபடி அனுப்பினேன். அதே பதில்தான் வந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன், அவர் அப்பாவுக்குத் தொழிலை விட்டுவிட்டு அலைய முடியவில்லை. கடைசியில் சீக்கிரம் காய்ந்துவிடுகிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வைத்து பிரஷ்ஷால் போர்டைக் கழுவி, சார்ஜ் ஏற்றுகிற சிப்பும் (சார்ஜிங் ஐசி) போர்ட்டும் மாற்றினேன். நான்காவது வருஷமாக ஓடுகிறது. சரியாகக்கூடிய ஒன்றைத்தான் முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த ஊரில் உப்பு இருக்கும் என்பது யாருக்கும் தெரியாததா? 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றவே ஆட்கள் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்கு உள்கம்பியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேலே துருவுக்கென்று பாலிசிலாக்ஸேன் பூச்சு. பாலம் கட்டுகிறவர்கள் இந்தக் காற்றைக் கணக்கில் எடுக்கிறார்கள். இங்கே லேப்டாப் விற்கிறவர்களும் எடுக்கலாம், வாரண்டி பேப்பரில் ஒரு வரி போதும்.

இதற்கு நடுவில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேண்டும். இ-சேவை மையம் நடத்துகிற ஒரு அக்காவிடம் நான்காவது தலைமுறை ஐ5 இரண்டு இருக்கின்றன, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், சும்மா பறக்கும். "இது பழசாயிருச்சா தம்பி, தூக்கிப் போடணுமா?" என்று கேட்டார். உப்பையே தாங்கி நின்ற மெஷின், அதைப் போய்த் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டேன், ஃபார்ம் நிரப்ப, பிரிண்ட் எடுக்க அது போதும். கைரேகை மெஷின் டிரைவருக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பதால் இன்னொன்றுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு அப்டேட் பதிந்து கொடுத்திருக்கிறேன். அது 2026 அக்டோபர் வரைக்கும்தான். அதற்குள் காசு சேர்த்து ஒன்று மாற்றலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

புதிதாக வாங்க யோசனை கேட்டால் நான் வேகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மெமரி கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா, போர்டோடு சால்டர் செய்து ஒட்டியதா என்று பார்க்கச் சொல்வேன். பேட்டரி, கீபோர்டு, ஃபேன் தனித்தனியாகக் கிடைக்கிற மாடலா, அதே மாடல் நம்ம பக்கம் இன்னும் நாலு பேரிடம் இருக்கிறதா என்றும் விசாரிப்பேன். ஐந்தாவது வருஷம் ஒன்று செத்தால் இன்னொன்றுக்குச் சாமான் ஆகும், என் கடை மேல்தட்டு முழுக்க அப்படி வந்த போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான். அப்புறம், மெமரியைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, போய்விட்டால் அடியில் இருப்பதை உப்பு விடாது. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

போன வாரம் அந்த ஐஸ் பேக்டரி கணக்கப்பிள்ளை அண்ணன் கூப்பிட்டார். மெஷினில் கோளாறு ஒன்றுமில்லை. ஏப்ரலில் அவர் மகள் வீட்டுக்குப் போகிறாராம், தினம் ஒரு மணி நேரம் யார் ஆன் செய்வது என்று கேட்டார். வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஆன் பண்ணவும் அணைக்கவும் சொல்லிக் கொடுக்க அடுத்த திங்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டைப் பார்த்தேன், அதில் பேட்டரி மாற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது. போகும்போது ஒரு சிஆர்2032 பையில் எடுத்துப் போக வேண்டும்.