ஏறி ஓட்டும் சூட்கேஸ் நமக்குத் தேவையா?

குறைந்த சாமானோடு பயணம் போகிறவர்கள், மேலே உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி சூட்கேஸை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி, இந்தப் பெட்டிகளில் பல காலியாகவே அந்த எடையைத் தாண்டிவிடும், அப்புறம் துணியை எங்கே வைப்பது? லக்கேஜில் போடச் சொன்னால் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துப் போக வேண்டும். சரி, குன்னூர் போகக் கோவையில் இறங்கியாச்சு. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊரின் மேல்பகுதியான பெட்போர்டுக்கு ஏறும் மேட்டில், மழையில் நனைந்த ரோட்டில், அந்தச் சின்னச் சக்கரங்கள் என்ன செய்யும்? வழவழப்பான ஏர்போர்ட் தரைக்காகச் செய்தது அது. மூட்டுவலியோடு பெரிய விமான நிலையங்களில் நடக்க வேண்டியவர்களுக்கு உதவும், மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு செட் துணி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு கொள்ளும் தோள்பை போதும், மேட்டுப்பாளையத்தில் கூட்டமான பஸ் ஏறினாலும் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.