லேட் வேறு, லேட்லி வேறு: ஆங்கில வினையடையோடு நான் பட்ட பாடு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆடை வாங்குவோருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிநாட்டு பையர் ஒருவருக்கு நான் எழுதிய ஒரே ஒரு வரிதான் என்னை மறுபடியும் ஆங்கில இலக்கணத்தின் முன் உட்கார வைத்தது. சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்ததால் வேலை தள்ளிப்போகிறது என்று தெரிவிக்க வேண்டிய இடத்தில், ‘த ஃபேப்ரிக் கேம் லேட்லி ஃப்ரம் டையிங்’ என்று எழுதியிருந்தேன். தாமதம் என்றால் லேட், அதனோடு ‘லி’ சேர்த்தால் தாமதமாக என்பது என் கணக்கு. லேட்லி என்பதற்கு ‘அண்மைக் காலமாக’ என்று பொருள் என்பதால், துணி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்த பையர், அப்படியானால் கட்டிங் எப்போது முடியும், தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டு எழுதினார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க மேலும் மூன்று மடல்கள் தேவைப்பட்டன. எங்கள் பிரிவின் மூத்த அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டு, “லேட்டுக்கு வாலு வெச்சா அது வேற பிராணி ஆயிருமுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

தமிழ் வழியில் படித்த எனக்குப் பள்ளியில் கிடைத்த பாடம் சுருக்கமானது: வினை எப்படி நடந்தது என்பதைச் சொல்வது வினையடை, தமிழில் ‘ஆக’ சேர்ப்பதைப் போல ஆங்கிலத்தில் ‘லி’ சேர்க்க வேண்டும். இது பாதி உண்மை. என் தவறுகளில் பெரும்பகுதி மீதிப் பாதியிலிருந்தே பிறந்தது என்பதை, அனுப்பிய மடல்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன். இடப்பக்கத்தில் நான் சொல்ல நினைத்ததைத் தமிழிலும், வலப்பக்கத்தில் நான் எழுதிய ஆங்கில வரியையும் வைத்து, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத மாலைகளில் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ‘லி’யின் கதையைத் தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்தில் உடல், உருவம் என்ற பொருளில் வழங்கிய ஒரு சொல்லிலிருந்து வந்த ஈறு அது. ‘போல’ என்ற பொருள் தரும் லைக்கும் அதற்கு உறவு. இது தெரிந்த பிறகு ஃப்ரெண்ட்லி என்பது ஏன் வினையடையாக இல்லாமல் பெயரடையாக நிற்கிறது என்பது விளங்கியது: நண்பனைப் போன்ற என்பதுதான் அதன் நேர்ப்பொருள். காஸ்ட்லி, லவ்லி, லோன்லி ஆகியவையும் பெயரடைகளே. மறுபக்கத்தில் ஃபாஸ்ட், ஹார்ட் போன்றவை வாலே இல்லாமல் வினையடையாக வருகின்றன. பழைய ஆங்கிலத்தில் வினையடையைக் காட்ட இவற்றின் இறுதியில் ஓர் எகர ஒலி இருந்து, பின்னாளில் தேய்ந்து மறைந்ததால், பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாகிவிட்டன. கடினமாக உழைத்தோம் என்று சொல்ல நினைத்து ‘வி ஹார்ட்லி வொர்க்ட்’ என்று எழுதினால், வேலையே செய்யவில்லை என்று நாமே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். என் நோட்டில் அந்த வரியும் இருந்தது. நல்ல வேளையாக அது எங்கள் கிடங்குக்கு அனுப்பிய உள்மடல்.

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது இதுவன்று; ‘இருக்கிறது’ என்ற சொல். துணி மென்மையாக இருக்கிறது, நிறம் அழகாக இருக்கிறது என்று தமிழில் ‘ஆக’ போட்டுச் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் ‘த ஃபேப்ரிக் ஃபீல்ஸ் சாஃப்ட்லி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஃபீல், லுக், ஸ்மெல் போன்ற வினைகள் ஒரு பொருளின் தன்மையைச் சொல்ல வரும்போது அவற்றுக்குப் பின்னால் பெயரடைதான் வர வேண்டும். ஆகவே ‘ஃபீல்ஸ் சாஃப்ட்’ என்பதே சரி. இதைச் சரிபார்க்க எனக்கு நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார்ப்பேன். ‘த ஃபேப்ரிக் இஸ் சாஃப்ட்’ என்று பொருள் மாறாமல் நின்றால் ‘லி’ வேண்டாம். ‘த டெய்லர் ஸ்டிச்சஸ் நீட்லி’ என்பதில் ‘இஸ்’ போட்டால், தையல் நேர்த்தியானது என்ற செய்தி போய், டெய்லர் சுத்தமான ஆள் என்றாகிவிடும். எனவே அங்கே ‘லி’ இருந்தே ஆக வேண்டும். நம் ‘ஆக’ இரண்டு வேலைகளைச் செய்கிறது, அவர்களுடைய ‘லி’ அவற்றில் ஒன்றைத்தான் செய்கிறது என்பதைப் பள்ளியிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது இடம். ‘நேற்று தூத்துக்குடியில் கவனமாகச் சரக்கை ஏற்றினார்கள்’ என்ற வரியை நோட்டில் எழுதி, அதன் கீழே ‘தே லோடட் த கூட்ஸ் கேர்ஃபுல்லி இன் தூத்துக்குடி யெஸ்டர்டே’ என்று எழுதியபோது, தமிழ் வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால் ஆங்கில வரி அப்படியே வருவதைக் கண்டு சற்று நேரம் வேலையை மறந்து உட்கார்ந்திருந்தேன். எல்லா வாக்கியமும் இவ்வளவு ஒழுங்காகக் கண்ணாடி காட்டாது. ஆனால் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடையை நுழைக்கக் கூடாது என்பதும், எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசையில் அவை வரும் என்பதும் அன்றோடு மனத்தில் பதிந்தன. ஆல்ரெடி, ஆல்வேஸ், யூஷுவலி போன்றவை மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்படாமல் நடுவில் உட்காரும்: ‘வி யூஷுவலி சென்ட்’ என்று முதன்மை வினைக்கு முன்பாகவும், துணைவினை இருந்தால் ‘வி ஹேவ் ஆல்ரெடி சென்ட்’ என்று அதற்குப் பின்பாகவும்.

வெரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தமிழில் ‘மிகவும் நல்ல’ என்றும் ‘மிகவும் விரும்புகிறேன்’ என்றும் ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். வெரி வினையோடு நேரடியாகச் சேராது என்பதால் ‘வெரி லைக்’ என்று எழுதக் கூடாது, ‘லைக் இட் வெரி மச்’ என்றுதான் எழுத வேண்டும். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைக் குறிக்க ஆறு உரிச்சொற்களை மனப்பாடம் செய்த எனக்கு, இந்த ஒரு சொல்லிடம் தோற்றது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்லி அப்படி எளிதில் விடவில்லை. நாளைக்குத்தான் அனுப்ப முடியும் என்பதை ‘வி கேன் சென்ட் டுமாரோ ஒன்லி’ என்று எழுதுவது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வழக்கம். நம் ‘தான்’ ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கும். ஒன்லியோ மற்றவற்றை விலக்கும். எனவே அந்த வரியைப் படிக்கும் வெளிநாட்டவர், நாளை ஒரு நாள்தான் அனுப்புவார்கள் போலும், அதை விட்டால் கிடைக்காது என்று எண்ண இடமுண்டு. ‘வி காண்ட் சென்ட் இட் அன்டில் டுமாரோ’ என்று எழுதத் தொடங்கிய பிறகு அந்தக் குழப்பம் எழவில்லை. ‘ஆபீசில்தான் இருக்கிறேன்’ என்பதற்கு ஒன்லியே தேவையில்லை, குரலில் அழுத்தம் போதும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஈவன் மட்டும் இன்னும் என் கைக்கு முழுதாக அடங்கவில்லை. சாம்பிள்கூட வரவில்லை என்பதற்கு ‘ஈவன் த சாம்பிள்’ என்று தொடங்க வேண்டும். சாம்பிள் வரக்கூட இல்லை என்பதற்கு ‘ஹேஸ் நாட் ஈவன் கம்’ என்று வினையோடு சேர்க்க வேண்டும். அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. அதனால் அந்தச் சொல் வரும்போதெல்லாம் தமிழில் ‘கூட’ எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுகிறது என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மடலை அனுப்புகிறேன்.