பிரட்டுக்களம் புரட்டுக்களமான கதை

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கிய பின், எங்களைப் போன்றவர்களுக்காகவே 1976இல் கேரளத்தின் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் குளத்துப்புழை ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. எனக்குப் பள்ளிக்கூடம் மலையாளத்தில். தமிழ், வீட்டில் மட்டும்.

நாற்பது வயதுக்கு மேல்தான் கதை எழுதத் தொடங்கினேன். ரப்பர் மரத்தில் பால் வடியப் பட்டை சீவும் பால்வெட்டை விடியும் முன் முடித்துவிட்டு, சிரட்டைகளில் பால் வடிந்து நிற்கும்வரை மரத்தடியில் அமர்ந்து பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதுவேன். விரலில் இருந்த ரப்பர்ப் பால் பட்டு ஒருமுறை இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, பிரித்தால் கிழிந்தது. அந்தக் கதையின் முடிவை மறுபடி எழுத நேர்ந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது முடிவுதான் தேறியது.

பன்னிரண்டு கதைகள் சேர்ந்ததும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து, பணம் கட்டினால் அச்சிடுவதாகப் பதில் வந்தது. அதற்கு நானே அச்சிடலாம் என்று முடிவு செய்து, ஆரியங்காவு வழியாகப் பேருந்தில் தென்காசிக்குப் போய் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் அடையாள எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிக்கல் மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும் படியில், வந்தது. விடியற்காலையில் தொழிலாளர்களுக்குப் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தை மலையகத் தோட்டங்களில் பிரட்டுக்களம் என்போம். மெய்ப்புத் திருத்தியவர் அதை எழுத்துப்பிழை என்று கருதி, எல்லா இடங்களிலும் 'புரட்டுக்களம்' என்று மாற்றியிருந்தார். பிந்தி வந்த கிழவியைக் கங்காணி வேலை தராமல் திருப்பி அனுப்பும் கதை, அந்த ஓர் எழுத்தால் ஏமாற்றுக்காரர்களின் கதைபோல ஆகிவிட்டது. அடிக்குறிப்புப் போடலாமே என்றார். லயம், கொழுந்து, கங்காணி என ஒவ்வொன்றுக்கும் குறிப்புப் போட்டால் அது கதையாக இராது என்று மறுத்து, மூன்று முறை தென்காசிக்கு அலைந்து பழைய சொல்லையே வைக்கச் செய்தேன்.

அப்படியும் பின்னட்டையில் ஒரு 'புரட்டுக்களம்' தப்பிவிட்டது. முந்நூறு பிரதிகளிலும் பேனாவால் திருத்தினேன். நூல் ஒப்படைப்புக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பிய பிரதிகளிலும் அந்த நீல மைத் திருத்தம் இருக்கிறது.