சுவேலில் நிற்கும் ஒலிம்பிக் தாவுமேடை

இத்தாலியின் கோர்தினா தம்பெத்ஸோவை ஒட்டிய சுவேலில், மரங்களுக்கு மேலே ஒரு கான்கிரீட் கோபுரம் தெரியும். பெயர் ட்ராம்பொலினோ இத்தாலியா. 1956 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்கீ ஜம்பிங், அதாவது காலில் ஸ்கீ கட்டைகளோடு சாய்தடத்தில் சறுக்கி வந்து நுனியிலிருந்து பறக்கும் போட்டி, நடந்த இடம். 1990-க்குப் பிறகு இங்கே போட்டி இல்லை. 2026 ஒலிம்பிக் மிலானோடு சேர்த்து மறுபடி கோர்தினாவுக்குக் கிடைத்தபோதும், ஸ்கீ ஜம்பிங்கை பிரெதாத்ஸோ என்ற ஊருக்குத்தான் ஒதுக்கினார்கள். கான்கிரீட் பழசானது பாதிக் காரணம்தான். மீதி, அதன் வடிவத்தில் இருக்கிறது.

தாவுமேடையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, இன்றைய மேடைகளில் அது சுமார் 10, 11 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். உயரம் தருவது வீரரின் கால் உதைப்பு. நுனியைத் தாண்டியதும் தரை முதலில் புடைத்து, பிறகு செங்குத்தாக இறங்கும். பறக்கும் பாதையும் சரிவும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் சந்தித்தால்தான் முழங்கால் தப்பும். சரிவு தட்டையாகத் தொடங்கும் இடத்தை ஒட்டிக் குறிப்பதே கே-புள்ளி. அதைத் தாண்டிப் போகப் போக அடி பலமாகும்.

1956-ல் சுவேலின் கே-புள்ளி 72 மீட்டர். ஃபின்லாந்தின் அன்ட்டி ஹிவாரினன் 84 மீட்டர் வரை பறந்தார். கைகளை முன்னே நீட்டாமல் உடலோடு ஒட்டி, ஸ்கீமேல் நன்றாகச் சாய்ந்து பறந்தார். 1924 முதல் நார்வேயை விட்டு அகலாத தங்கம் அன்று முதன்முறையாகக் கைமாறியது. என் பார்வையில், மேடையின் எல்லை தெரிய ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

1980-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் யான் போக்லொவ் ஸ்கீகளை 'வி' வடிவில் விரித்துப் பறந்தார். சில ஆண்டுகளில் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அதே வேகத்தில் கூடுதல் தூரம். அதைக் கட்டுப்படுத்த, வீரர் சறுக்கத் தொடங்கும் இடத்தைக் கீழே இறக்கினால் வேகம் குறையும், தூரமும் குறையும். ஆனால் நுனியின் சாய்வும் தரையின் புடைப்பும் அப்படியேதான் இருக்கும். மண் மேட்டில் வெட்டிய தடமென்றால் இயந்திரம் வைத்துச் செதுக்கிவிடலாம். கோபுரத்தில் வார்த்த கான்கிரீட்டை உடைத்துத்தான் மறுபடி வார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, 1964 முதல் ஒலிம்பிக்குக்குச் சிறியது, பெரியது என இரண்டு மேடைகள் வேண்டும். 1991 உலகப் போட்டியை நடத்திய வால் தி ஃபியெம்மே பள்ளத்தாக்கின் பிரெதாத்ஸோவில் அந்த இரண்டும் உண்டு.

பனிச் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலச் சரிவில் 40 சென்டிமீட்டர் தடிமன் வேண்டுமென்றால் 800 கன மீட்டர் பனி. அது மிதித்து இறுகிய அளவு, புதுப்பனியாக அதைவிடப் பல மடங்கு வேண்டும். சறுக்குத் தளங்களில் ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்குவார்கள். தாவுமேடையில் பயிற்சி பெறுவது சில பேர்தான். அவர்களும் 10, 20, 40 மீட்டர் என்று சிறு மேடைகளில் ஏறி வர வேண்டும். அந்தப் படிகளில் குழந்தைகள் இல்லாத ஊரில் பெரிய மேடைக்கு ஆள் வராது.

ஆளில்லாத மேடையை முதலில் கெடுப்பது தண்ணீர். வடிகாலை இலை அடைக்கும், விரிசலில் நீர் தேங்கும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கான்கிரீட்டைப் பெயர்க்கும். வெளியே தெரியும் கம்பி துருப்பிடித்துப் பருக்க, விரிசல் இன்னும் அகலும். சாய்தடத்தின் அடிப்பக்கம் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் உள்ளே கம்பி துருவேறிக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட மேடையை நினைவுச்சின்னமாகக் காப்பாற்ற நினைப்பவர்கள் வண்ணப்பூச்சில் தொடங்கக் கூடாது. முதலில் வடிகால், அடுத்து இணைப்புகளில் வேர்விட்ட செடிகள், அதற்கப்புறம் தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, பழுதுபார்ப்புக் கலவை பூசுவது. ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடினால் அடுத்த குளிர்காலத்திலேயே பூச்சு உரிந்துவிடும்.