கடைசியில் நிற்கும் 'க்'

திருநெல்வேலியிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வாழ வந்தபோது, என் தமிழே போதும் என்று நினைத்திருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற ஊர் இது. மாமியார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலை ஆள்கணக்கு), தண்டல் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்) என்று அவர் சொல்லச் சொல்லப் பொருள் கேட்டுக்கொண்டேன்.

மலாய்தான் வாயில் ஏறவில்லை. 'இல்லை' என்பதற்கு 'தாக்' என்பார்கள். அந்தக் கடைசி 'க்' நம்முடையது அல்ல. தொண்டை சட்டென்று அடைத்துக்கொள்ள, ஒலி அங்கேயே நின்றுவிடும். நான் சொன்னால் 'தாக்கு' ஆகிவிடும். வல்லின மெய்யில் சொல்லை முடிக்காமல் ஓர் உகரத்தைச் சேர்ப்பதுதானே தமிழ் நாக்கின் பழக்கம்! 'நிறைய' என்று பொருள்படும் 'பாஞாக்'கும் எனக்குப் 'பாஞாக்கு'தான்.

என் ஓரகத்தி காரைக்குடிக்காரி, எனக்கு மூன்று மாதம் பின்னால் வந்தவள். பாசாரில் மீன் விற்கும் மலாய்க்கார அம்மா சொன்னதை அடுத்த நொடியே அச்சாகத் திருப்பிச் சொன்னாள். "அவளுக்கு வருதே, உனக்கு அக்கறை இல்லை" என்று வீட்டில் சொன்னார்கள். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது. இரவில் சமையலறையில் தனியாக நின்று நான் சொல்லிப் பார்த்தது யாருக்கும் தெரியாது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்டீஃபன் கோல்டிங்கர் என்ற உளவியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லைக் கேட்டதும் திருப்பிச் சொல்பவர்களின் உச்சரிப்பு, சொன்னவரின் சாயலுக்கு நகர்வதைக் காட்டினார். அரிதாகப் புழங்கும் சொற்களில் அது கூடுதலாம். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் நகர்வதில்லை என்று அடுத்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சிலர் வெகுவாக ஒட்டிக்கொள்கிறார்கள், சிலர் அசைவதே இல்லை, சிலர் எதிர்த்திசையில் விலகுகிறார்கள். ஒரே ஆள்கூட ஓர் ஒலியில் நெருங்கி இன்னொன்றில் அப்படியே நிற்பதுண்டு. அதைப் படித்த அன்று நெஞ்சு லேசானது.

சரி, நான் அசையாதவள் என்று முடிவு செய்திருந்த நேரத்தில்தான் ஒருநாள் அம்மாவோடு போனில் பேசினேன். "பசியாறிட்டீங்களா? வேலை முடிஞ்சிருச்சுலா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏட்டி, நீ யாரு மாதிரி பேசுத?"

மாமியார் மாதிரி. அதே இழுப்பு, முடிவில் அதே 'லா'. நான் ஒருநாளும் பழகிப் பார்க்காத ஒலிகள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிய நேரத்தில் தாமாக வந்திருக்கின்றன. 'தாக்' மட்டும் இன்னும் 'தாக்கு'தான். மீன்கார அம்மா அதைக் கேட்டுப் பழகிவிட்டார்.